இரவுச் சூடும் செவ்வந்தியின் நாள்கணக்கும்

ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் செவ்வந்திக்குக் கிடைக்கும் விலை, பூஜைக்கு மறுநாள் கிடைப்பதில்லை. நெல்லும் நிலக்கடலையும் ஒரு வாரம் தள்ளி வந்தாலும் மூட்டையில் காத்திருக்கும். பூவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால்தான் ஓசூர், இராயக்கோட்டை, நிலக்கோட்டைப் பக்கம் செவ்வந்தி போடுகிறவர்கள் பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நடவு நாளை முடிவு செய்கிறார்கள். இந்தக் கணக்கு சில பருவங்களில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பிசகிவிடுகிறது. செடி செழிப்பாக இருக்கிறது. நோயில்லை, பூச்சியில்லை, மொட்டுகூட வைத்திருக்கிறது. ஆனால் விரியவில்லை. உரம் போதவில்லையோ என்று இன்னொரு மூட்டை வாங்கிப் போடுகிறார்கள். மருந்துக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு எதையோ தெளிக்கிறார்கள். மண்ணிலும் வேரிலும் எந்தக் கோளாறும் இல்லாமலேயே இது நடக்கும். காரணம், பொழுது சாய்ந்த பிறகும் இறங்காத சூடு.

வெயில் ஏறினால் பூ சீக்கிரம் வரும் என்பதுதான் பொதுவான எண்ணம். மல்லிகையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயற்கை. பங்குனி, சித்திரையில் மல்லிகை கொட்டுகிறது. மார்கழி, தையில் வரத்து சுருங்கி மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது. பெட்டூனியா போன்ற பல தோட்டச் செடிகளும் ஓர் அளவு வரை சூடு கூடக்கூட வேகமாகப் பூக்கும். ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் இதன் உள்வேலையே தெரிந்திருக்கிறது. 27 டிகிரியில் வளர்த்தால், குளிர்ந்த இடத்தில் வளர்ந்ததைவிட அது முந்திக்கொண்டு பூக்கிறது. சூட்டில் வலுப்பெறும் பிஃப்4 என்ற புரதம், பூக்கச் சொல்லும் மரபணுவை நேரடியாகத் தட்டி எழுப்புவதே காரணம் என்று 2012-இல் காட்டினார்கள்.

செவ்வந்தியில் இது தலைகீழ். ஏறக்குறைய 20 டிகிரி வரை சூடு உதவுகிறது. அதற்கு மேல் ஏற ஏற, பூக்கும் வேலை தாமதமாகிறது. தாமதத்தின் அளவு ரகத்துக்கு ரகம் மாறுமே தவிர, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஹாலந்திலும் பார்த்த திசை ஒன்றுதான். செடி பச்சைப்பசேலென்று வளர்ந்துகொண்டிருக்கும்போதே இது நடப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். வளர்ச்சிக்கு ஏற்ற சூடும் பூப்பதற்கு ஏற்ற சூடும் ஒன்றல்ல என்பதை நம் விவசாயக் கூட்டங்களில் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் அதுதான்.

செவ்வந்தி எப்படி நாள் பார்க்கிறது என்று தெரிந்தால் சூடு எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்பது விளங்கும். செடிகள் பகலின் நீளத்தை அளக்கின்றன என்று 1920-இல் உலகுக்குச் சொன்னவர்கள் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது புகையிலையையும் சோயாவையும். இரவு நீண்டால் பூக்கும் செவ்வந்தியைக் கையிலெடுத்து அடுத்த கேள்வியைக் கேட்டவர் சோவியத் விஞ்ஞானி மிகைல் சைலாக்யான். செடியின் மேற்பகுதி இலைகளை உருவிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இருட்டைக் கொடுத்தார். மொட்டையாக நின்ற நுனி நீண்ட பகலில்தான் இருந்தது. ஆனாலும் அங்கே பூ வந்தது. மாற்றிச் செய்தபோது, அதாவது நுனிக்கு இருட்டும் இலைகளுக்கு வெளிச்சமுமாக வைத்தபோது, வரவில்லை. இருட்டை உணர்வது இலை, பூ வைப்பது நுனி. அப்படியானால் இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஒரு பொருள் ஏறிப்போக வேண்டும். 1930-களின் நடுவில் அதற்கு அவர் புளோரிஜென் என்று பெயர் வைத்தார். அது என்ன பொருள் என்று தெரியாமலே எழுபது ஆண்டுகள் போயின. 2007-இல் அராபிடாப்சிஸிலும் நெல்லிலும் அது ஒரு சிறு புரதம் என்று பிடிபட்டது. செவ்வந்தியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த எஃப்டிஎல்3 என்ற மரபணுதான் இந்த வேலையைச் செய்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் பிறகு கண்டறிந்தார்கள்.

2013-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று சூட்டின் கதையை இதனுடன் இணைத்தது. பகல் நீளம் சரியாக இருக்கிறது, செடிக்குப் போதுமான இருட்டு கிடைக்கிறது. ஆனால் வெப்பநிலை மட்டும் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அந்த நிலையில் இலைகளில் எஃப்டிஎல்3-இன் செயல்பாடு குறைந்துவிடுகிறது. இலை இருட்டைச் சரியாகத்தான் கணக்கிடுகிறது. ஆனால் அனுப்ப வேண்டிய சேதியைப் போதுமான அளவுக்குத் தயாரிப்பதில்லை.

அரைகுறைச் சேதி போனால் என்ன ஆகும் என்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சூட்டில் மாட்டிய பாத்தியிலிருந்து ஒரு நுனியைக் கிள்ளி, இலைகளை ஒவ்வொன்றாக உரித்து, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸில் பாருங்கள். செவ்வந்திப் பூ என்று நாம் சொல்வது ஒரு பூ அல்ல. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு மேடை. இலைகளைத் தள்ளிக்கொண்டிருந்த கூர்நுனி முதலில் தட்டையாகி அகலமாகி ஒரு குமிழாகிறது. அதன் ஓரத்தில் பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காகச் சூழ்கின்றன. பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, வரிசை வரிசையாகச் சிறு பூக்களின் புள்ளிகள் எழுகின்றன. குளிர்ந்த இரவுகள் கிடைத்த செடியில் இந்தப் புள்ளிகள் நடு வரை நிரம்பியிருக்கும். சூட்டில் நின்ற செடியில் செதில்கள் மட்டும் அதிகமாக இருக்கும், நடுப்பகுதி வழவழவென்று வெறுமையாக இருக்கும். சில சமயம் சிறு பூக்களுக்கு இடையிலேயே பச்சைச் செதில்கள் முளைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மிளகளவு கெட்டிப் பச்சை மொட்டு. மொட்டுக்குக் கீழே காம்பு வழக்கத்தைவிட நீண்டு, அதில் பல்லில்லாத ஒடுங்கிய குட்டி இலைகள். வாரக்கணக்கில் அது அப்படியே நிற்கும்.

மொட்டு வைத்த பிறகு செடியை விட்டுவிடலாம் என்று நினைப்பது செவ்வந்தியில் எடுபடாது என்பதற்கும் இதுவே காரணம். சில செடிகளுக்கு ஒரே ஒரு நீண்ட இரவு போதும். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் பூத்துவிடும். செவ்வந்திக்கு அந்தச் சேதி திரும்பத் திரும்ப, பல வாரங்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். மொட்டு தொடங்குவதற்குத் தேவையான இருட்டைவிட, மொட்டு முற்றிப் பூவாவதற்குத் தேவையான இருட்டு அதிகம். முதல் மூன்று நான்கு வாரங்களில் அடிக்கும் சூடுதான் அதிகம் கெடுக்கிறது. மொட்டு நிறம் காட்டத் தொடங்கிய பிறகு அடிக்கும் சூடு நாளைப் பெரிதாகத் தள்ளுவதில்லை, ஆனால் நிறத்தைத் தின்கிறது. சிவப்பு, ஊதா, செம்பு நிற ரகங்கள் சாயம் போன மாதிரி வெளிறிப்போவது அந்த வாரங்களின் சூட்டால். மஞ்சள் ரகங்களில் இந்த வெளிறல் அவ்வளவாகத் தெரியாது.

இதில் பகலைவிட இரவுக்கே பங்கு அதிகம். அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி மார்க் கேத்தி 1954-இல் செவ்வந்தி ரகங்களை இரவு வெப்பநிலைக்கு அவை நடந்துகொள்ளும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரித்தார். ஏறக்குறைய 10 முதல் 27 டிகிரி வரை எதிலும் பூப்பவை ஒரு வகை. அவற்றுக்கும் 16 டிகிரிதான் பிடித்தமானது. 16-க்குக் கீழே இறங்கினால் மொட்டு வைக்கத் தயங்குபவை இன்னொரு வகை. 16-க்கு மேலே ஏறினால் பூப்பது தடைபடுபவை மூன்றாவது. இன்றும் நாற்று நிறுவனங்களின் பட்டியலில் 7 வார ரகம், 8 வார ரகம், 10 வார ரகம் என்று போட்டிருப்பார்கள். பூப்பதைத் தள்ளிவைக்க இரவில் எரியவிட்ட விளக்கை நிறுத்தி இருட்டு கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து பூக்க எத்தனை வாரம் என்பது அதன் பொருள். அந்த வாரக் கணக்கு மிதமான குளிர் இரவுகளில் அளக்கப்பட்டது. 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் உள்ள ஊரில் அதே எண்ணை நம்பி நாள் குறித்தால் ஏமாற்றம்தான்.

கருப்புத் துணி விஷயத்தில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடையில் பகல் மிக நீளம். அங்கே செவ்வந்தியைக் கோடையில் பூக்கவைக்க, பசுமைக்குடிலுக்குள் செடிகளின் மேல் கருப்புத் துணியை இழுத்து மூடிச் செயற்கையாக இருட்டாக்குகிறார்கள். வேலையாட்கள் வீட்டுக்குப் போகும் மாலை ஐந்து மணிக்கு மூடிவிட்டுக் காலை எட்டு மணிக்குத் திறப்பது பழைய வழக்கம். மாலை ஐந்து மணிக்கு அங்கே வெயில் இன்னும் சுடுகிறது. கருப்புத் துணி அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். செடிக்கு நீண்ட இருட்டு கிடைக்கும், ஆனால் அந்த இருட்டின் முதல் சில மணி நேரம் அடுப்படி மாதிரி இருக்கும். செடி எதிர்பார்ப்பது இருட்டோடு சேர்ந்து வரும் குளிர்ச்சியை. வெயில் தாழ்ந்த பிறகு, ஏழு மணிக்கு மேல் மூடுங்கள், அல்லது ஐந்து மணிக்கு மூடியே ஆக வேண்டுமானால் நன்றாக இருட்டியதும் துணியை விலக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, விடிவதற்குள் மறுபடி மூடுங்கள் என்பதே அங்குள்ள வளர்ப்பாளர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. கிறிஸ்துமஸ் காலத்துச் செவ்விலைச் செடியான பாயின்செட்டியாவுக்கும் இதே அறிவுரைதான். அக்டோபர் இரவுகள் 22, 23 டிகிரிக்கு மேல் போனால் அதன் மேலிலைகள் சிவப்பேறுவது தாமதமாகும். டிசம்பர் 25 கடந்து சிவந்த செடியை யாரும் வாங்கமாட்டார்கள்.

இந்தப் பிரச்சினையில் அதிகம் அடிபட்டிருக்கும் நாடு ஜப்பான். அங்கே செவ்வந்தி முன்னோர் வழிபாட்டுப் பூ. ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் நாட்களிலும், பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் வாரங்களில் வரும் ஹிகன் நாட்களிலும் கல்லறைகளுக்கும் வீட்டு வழிபாட்டு மாடங்களுக்கும் செவ்வந்தி போக வேண்டும். ஐச்சி மாகாணத்தின் அட்சுமி தீபகற்பத்தில் இரவில் விளக்கெரியும் செவ்வந்திக் குடில்கள் ஊருக்கே அடையாளம். நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கைப் போட்டு இருட்டை இரண்டாக உடைத்தால் செடி மொட்டு வைக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய நாளில் விளக்கை நிறுத்தினால் அன்றிலிருந்து வார எண்ணிக்கை தொடங்கும். விளக்கெரியும்போது செடி வேறொரு புரதத்தைத் தயாரித்துப் பூப்பதைத் தடுக்கிறது என்பதும் 2013-இல்தான் தெரிந்தது. வெளிச்சத்தை இப்படித் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் நாட்டில், நாளைக் குலைப்பது வெப்பம். 1898-இலிருந்து இருக்கும் பதிவுகளில் அதுவரை காணாத கோடையாக 2023 அங்கே அமைந்தது. 2024 அதற்குச் சமமாக நின்றது. ஓபோன், செப்டம்பர் ஹிகன் இரண்டுக்குமான மொட்டுகள் உருவாகும் வாரங்கள் சரியாக அந்தக் கோடைக்குள் விழுகின்றன. கோடையில் பூக்கும் ரகங்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதும், குடிலைச் சூடாக்கும் வெப்பப் பம்புகளைத் திருப்பி ஓட்டி இரவில் குடிலைக் குளிர்விப்பதும் அங்கே நடக்கிறது.

அதே ஜப்பானில் செர்ரி மரங்கள் முந்திப் பூப்பதைத்தான் உலகம் அதிகம் பேசுகிறது. கியோட்டோவில் 2021 மார்ச் 26-இல் செர்ரி முழுப் பூப்பை எட்டியது. அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவுகளில் அவ்வளவு முன்கூட்டி வந்ததில்லை. ஒரே நாட்டில் சூடு ஒரு பூவை முன்னுக்கு இழுக்கிறது, இன்னொன்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வசந்தத்துச் சூடு, குளிர்கால உறக்கம் முடிந்து விழித்த மொட்டை விரிக்கிறது. கோடைச் சூடு, இன்னும் உருவாகாத மொட்டைத் தடுக்கிறது. பூ என்றதும் ஒரே விதி தேடுவது பயனில்லை. எந்தக் கட்டத்தில் சூடு வந்தது என்று பார்ப்பதே சரி.

நம் ஊர்க் கணக்கு இவற்றிலிருந்து கொஞ்சம் வேறு. காம்போடு வெட்டி விற்கும் பல வெட்டுப்பூ ரகங்கள், பகல் 13.5 மணி நேரத்துக்குக் குறைந்தால் பூவை முற்றவிடும். ஓசூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தி வெளிச்சத்தைச் சேர்த்தால் ஜூனில் அது எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கும். ஆகஸ்ட் கடந்தால் எல்லா நாளும் பூக்க ஏற்ற நாள்தான். செடி உயரம் பிடிப்பதற்குள் மொட்டு வைத்துவிடும் என்பதால் இங்கும் வயலில் வரிசையாக பல்பு கட்டி இரவில் எரிய விடுகிறார்கள். கிருஷ்ணகிரி, கோலார் பக்கம் இரவில் பேருந்தில் போனால் மஞ்சள் வெளிச்சத்தில் மிதக்கும் வயல்களைப் பார்க்கலாம். பகல் நீளம் பெரிதாக மாறாத நாட்டில், ஒரு பருவத்தையும் அடுத்ததையும் பிரித்துக் காட்டுவது இரவின் சூடு. விளக்கை நிறுத்திய பிறகு பூ எத்தனை நாளில் வரும் என்பதை இங்கே பெருமளவுக்கு அதுதான் முடிவு செய்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பது செவ்வந்திக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது இப்போது புரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். சமவெளியில் 25 டிகிரியாக இருக்கும் இரவு ஓசூரில் 20-ஐ ஒட்டி வரும். செவ்வந்தியின் கண்ணில் இந்த இரண்டும் வெவ்வேறு பருவங்கள்.

சென்னையில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விக்கும் இங்கேதான் பதில். நர்சரியில் வாங்கும்போது குடை மாதிரிப் பூத்திருந்த செவ்வந்தி, வீட்டுக்கு வந்து அந்தப் பூக்கள் வாடிய பிறகு ஏன் மறுபடி பூக்கவில்லை? மே, ஜூனில் சென்னை இரவுகள் பெரும்பாலும் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பகலெல்லாம் சூடேறிய சிமென்ட் தளம் இரவில் அதைத் தொட்டிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. போதாததற்குத் தெருவிளக்கின் வெளிச்சம் விடிய விடிய இலையில் விழுந்தால் செடிக்கு இருட்டே இல்லை. பழைய பூக்களைக் கத்தரித்து, தொட்டியைத் தளத்திலிருந்து ஒரு பலகை மேல் தூக்கி வைத்து, தெருவிளக்கு படாத பக்கம் நகர்த்தி, ஐப்பசி வரை காத்திருந்தால் பூக்க நல்ல வாய்ப்பு உண்டு. பூ வராத செடிக்குத் தழைச்சத்து போட்டுக்கொண்டே இருப்பது இலையைத்தான் பெருக்கும்.

சூட்டின் இந்தக் குணத்தை வேலைக்காரனாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். மால்களிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் பார்க்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், வெப்பம் 28 டிகிரிக்கு மேல் இருந்தால் பூத்தண்டு விடாது. வளர்ப்பாளர்கள் வேண்டுமென்றே குடிலைச் சூடாக வைத்துச் செடியைக் காக்கவைக்கிறார்கள். தேதி நெருங்கும்போது 25-க்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். குளிரூட்டும் வசதி பரவுவதற்கு முன் தைவானில் செடிகளை லாரியில் ஏற்றி மலைப் பண்ணைகளுக்கு அனுப்பிக் குளிரூட்டி வந்தார்கள்.

செவ்வந்தி விவசாயிக்கு அந்த வசதி இல்லை. திறந்த வயலைக் குளிர்விக்க முடியாது. பாலிஹவுஸ் வைத்திருப்பவர் பக்கத் திரைகளை இரவிலும் திறந்துவைக்கலாம். மழைக்குப் பயந்து மாலையிலேயே இறக்கிவிடுவதுதான் சூட்டை உள்ளே பூட்டுகிறது. நிழல்வலையைப் பகல் உச்சிக்கு மட்டும் இழுத்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடலாம். வெளிச்சம் குறைந்த செடியில் சூட்டின் தாமதம் இன்னும் கூடும் என்பதால் நாள் முழுதும் வலை போட்டிருப்பது நல்லதல்ல. இவற்றைவிட எளியது, வெப்பமான ஆண்டில் விளக்கை ஒரு வாரம் முன்கூட்டியே நிறுத்திவிடுவது. செடி சற்றுக் குட்டையாக இருந்தாலும் தேதிக்கு வந்துவிடும். உதிரிப்பூவுக்கு உயரம் முக்கியமில்லை.

ஆனால் எந்த ஆண்டு வெப்பமான ஆண்டு என்பதை நடுப்பகல் வெயிலை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. உலகளவில் 1950-களிலிருந்து இரவின் குறைந்தபட்ச வெப்பம், பகலின் அதிகபட்சத்தைவிட வேகமாக ஏறி வந்திருக்கிறது. செய்தியில் வரும் நூறு டிகிரி, நூற்றைந்து டிகிரி ஃபாரன்ஹீட் எல்லாம் பகல் கணக்கு. செவ்வந்தி பார்ப்பது மற்ற எண்ணை. குறைந்தபட்சத்தைக் குறித்துவைக்கும் சாதாரண வெப்பமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாத்தியில் செடி உயரத்தில் கட்டி, விளக்கை நிறுத்திய நாளிலிருந்து ஒரு மாதம் தினமும் காலையில் எழுதி வைத்தால், அந்த ஆண்டின் தாமதத்தை மொட்டு தெரிவதற்கு முன்பே ஓரளவு ஊகித்துவிடலாம்.

ரகத் தேர்விலும் இதே எண்தான் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 முதல் இன்று வெளிமாநில நர்சரிகளிலிருந்து வரும் ரகங்கள் வரை, வாங்குபவர் கேட்பது நிறமும் கிலோக் கணக்கும் எத்தனை நாள் வாடாமல் இருக்கும் என்பதும். இரவு 24 டிகிரியில் எத்தனை நாள் தள்ளும் என்று கேட்பதில்லை. கேத்தி செய்த சோதனையை இங்கே திரும்பச் செய்யப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரே ரகத்தின் நாற்றை ஓசூரிலும் நிலக்கோட்டையிலும் ஒரே நாளில் நட்டு, ஒரே நாளில் கிள்ளி, ஒரே நாளில் விளக்கை நிறுத்தி, முதல் பூ நிறம் காட்டும் நாளை இரண்டு இடத்திலும் எண்ண வேண்டும். வித்தியாசம் மூன்று நாள் என்றால் அது சமவெளிக்கும் தாங்கும் ரகம். இருபது நாள் என்றால் அதை மலையடிவாரத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டாம். விவசாயிகள் குழுவும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் சேர்ந்தால், ஒரு பருவத்தில் பத்துப் பதினைந்து ரகங்களுக்கு இந்தப் பட்டியலைப் போட்டுவிட முடியும்.